லேப்டாப்போடு துபாய்க்கு: விசா யார் பெயரில்?

எங்கள் மாமாக்கள் தலைமுறையில் யாராவது துபாய்க்குக் கிளம்புகிறார் என்றால், தெருவில் கேட்கும் முதல் கேள்வி "விசா யாருடையது?" என்பதுதான். சம்பளம் அதற்கு அப்புறம். கம்பெனி விசாவா, வீட்டு விசாவா, காசு கொடுத்து வாங்கிய 'ஃப்ரீ விசா'வா, கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் உள்ளூர் ஆள், எப்படிப்பட்டவர், பாஸ்போர்ட்டைக் கையில் கொடுப்பாரா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் பெட்டி கட்டுவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அங்கே தங்கும் உரிமையே இன்னொருவர் கையில் இருந்தது. அவர் கேன்சல் செய்துவிட்டால் வேலையோடு நிற்காது. வீடு, பேங்க் கணக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அதன் பின்னாலேயே போகும்.

இப்போது என்னிடம் கேட்பவர்கள் வேறு மாதிரியானவர்கள். கோவையிலோ சென்னையிலோ உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவர்கள். அதே வேலையை துபாயிலிருந்து செய்யலாமா என்று யோசிப்பவர்கள். அவர்கள் கேட்பது, "எந்த விசா சீக்கிரம் கிடைக்கும்? எதற்குச் செலவு குறைவு?" இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் மாமாக்கள் கேட்ட கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். விசா யார் பெயரில் நிற்கிறது? ஒரு மாதம் பணம் வராமல் போனால் அது என்ன ஆகும்?

நான் துபாய் அல் நஹ்தாவில் குடியிருக்கிறேன். ஜெர்மனியில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குக் கையேடுகள் எழுதிக் கொடுப்பது என் தொழில். முதலில் கணவரின் விசாவில் இருந்தேன். இப்போது, சொந்தமாகத் தொழில் செய்வதற்கான ஃப்ரீலான்ஸ் பெர்மிட்டில் என் பெயரிலேயே இருக்கிறேன். இங்கே எழுதுவது அமீரகத்தைப் பற்றி மட்டும்தான். சவுதியில் 2019-இல் வந்த பிரீமியம் ரெசிடென்சி ஆண்டுக்கு 1 லட்சம் ரியால், நிரந்தரமாக வேண்டுமென்றால் 8 லட்சம் ரியால் என்று தொடங்கியது. சம்பளத்தில் வாழும் ஒருவருக்கு அது ஒத்து வராது. பஹ்ரைனின் கோல்டன் விசா, வேலை பார்ப்பவர்களிடம் ஏற்கெனவே ஐந்து வருடம் அங்கே இருந்திருக்க வேண்டும் என்கிறது. புதிதாகக் கிளம்பும் ரிமோட் வேலைக்காரருக்கு நிஜமான கதவு திறந்திருப்பது அமீரகத்தில்தான்.

அந்தக் கதவு கொரோனா காலத்தில் திறந்தது. 2020 அக்டோபரில் துபாய் 'விர்ச்சுவல் வொர்க்கிங் புரோகிராம்' என்று ஒன்றை அறிவித்தது. வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை, மாதம் 5,000 டாலர் வருமானம், 287 டாலர் கட்டணம், மருத்துவக் காப்பீடு. இவை இருந்தால் ஒரு வருடம் துபாயில் குடியிருந்துகொண்டே அந்த வேலையைப் பார்க்கலாம் என்றார்கள். 2021 மார்ச்சில் நாடு முழுவதற்குமான ரிமோட் வொர்க் விசாவுக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வருமான வரம்பு பிறகு 3,500 டாலராக இறங்கியது.

இதில் கஃபீல் கிடையாது. விண்ணப்பிப்பவர் நீங்கள், பொறுப்பும் உங்களுடையது. அமீரகத்தின் அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடி கையில் வரும். அது வந்தால் வீட்டு வாடகை ஒப்பந்தம், போன் கனெக்‌ஷன், பிள்ளைக்குப் பள்ளி எல்லாம் நடக்கும். ஐம்பது வருடமாக இன்னொருவர் பெயரில் வாழ்ந்து பழகிய ஒரு சமூகத்துக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இங்கே பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பதிலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: உள்ளூர் நிறுவனம் எதற்கும் வேலை பார்க்கக் கூடாது.

காகிதங்கள் அதிகமில்லை. குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், ஒரு வருட வேலை ஒப்பந்தம், கடைசி மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், அமீரகத்தில் செல்லும் காப்பீடு. ஆனால் நம்மூரிலிருந்து முயற்சி செய்பவர்கள் பலர் இதில் தடுக்கி விழுவது ஒரே இடத்தில். உங்கள் நிறுவனம் "இவர் எங்கள் ஊழியர், தொலைவிலிருந்து வேலை பார்க்கிறார்" என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இந்திய நிறுவனங்கள் நிறைய பேர் இதற்குத் தயங்குகிறார்கள். வாடிக்கையாளருடன் போட்ட ஒப்பந்தத்தில் டேட்டா இந்தியாவை விட்டு வெளியே போகக் கூடாது என்று இருக்கும். வேறு நாட்டில் ஊழியர் உட்கார்ந்தால் அங்கே நிறுவனத்துக்கு வரிப் பொறுப்பு வருமோ என்ற பயம் இருக்கும். அதனால் ஏஜென்ட்டிடம் போவதற்கு முன்னால் ஹெச்.ஆரிடம் போங்கள். அங்கே எழுத்தில் 'சரி' வராத வரைக்கும் வேறு எதற்கும் காசு கட்டாதீர்கள்.

இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,500 டாலர் என்பது சுமார் மூன்று லட்சம் ரூபாய். திர்ஹம் 1997-லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டிருக்கிறது; அந்தக் கணக்கில் 12,850 திர்ஹம் சொச்சம். கோவையில் மூன்று லட்சம் வாங்குபவர் வசதியாக வாழலாம். துபாயில் மனைவி, இரண்டு பிள்ளைகள், பள்ளிக் கட்டணம், வாடகை என்று வந்தால் அந்தத் தொகை இறுக்கிப் பிடிக்கும். விசாவுக்கு இது போதும் என்று அரசாங்கம் சொல்வதும், வாழ்வதற்கு இது போதும் என்பதும் தனித்தனிக் கணக்குகள்.

இந்த விசாவின் பலவீனம் அதன் ஆயுள். ஒரு வருடம்தான். புதுப்பிக்கலாம், ஆனால் புதுப்பிக்கும் அன்று வேலை இருக்க வேண்டும். எட்டாவது மாதத்தில் நிறுவனம் ஆட்குறைப்பு செய்தால் ஒன்பதாவது மாதத்தில் புதிய வேலையைத் தேடிப் பிடித்தாக வேண்டும். அதுவும் வெளிநாட்டு வேலையாக, அதே வருமானத்தில். கஃபீல் இல்லையே தவிர, எங்கேயோ இருக்கும் முதலாளியின் நிழல் இதன் மேல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. தனி ஆளாக ஒரு வருடம் இருந்து பார்க்க நினைப்பவருக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரும் குடும்பத்துக்குச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது ஃப்ரீலான்ஸ் பெர்மிட். இரண்டு வருட விசா. துபாயில் மீடியா சிட்டி, இன்டர்நெட் சிட்டி, நாலெட்ஜ் பார்க் பக்கம் எழுத்து, வடிவமைப்பு, மென்பொருள், கல்வி சார்ந்த தொழில்களுக்குக் கொடுக்கிறார்கள். ஷார்ஜா, ராஸ் அல் கைமா, ஃபுஜைரா ஃப்ரீ ஸோன்களிலும் (தனி விதிகளோடு தொழில் உரிமம் தரும் வளாகங்கள்) உண்டு. துபாயில் பெர்மிட்டுக்கு மட்டும் ஆண்டுக்கு 7,500 திர்ஹம். எஸ்டாப்ளிஷ்மென்ட் கார்டு, விசா, மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி எல்லாம் சேர்த்தால் முதல் வருடம் கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு வரும். ரிமோட் விசாவோடு ஒப்பிட்டால் செலவு அதிகம்தான். ஆனால் இதில் உங்கள் பெயரில் ஒரு தொழில் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் போனால் இன்னொருவரைப் பிடிக்கலாம். அவர் பெர்லினில் இருந்தாலும் சரி, பர் துபாயில் இருந்தாலும் சரி. மாதச் சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு, மூன்று நான்கு பேரிடமிருந்து சிறு சிறு தொகையாக வாங்குபவர்களுக்கு, பொருந்தும் வழி இதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே ஒன்றைச் சொல்ல வேண்டும். 'ஃப்ரீலான்ஸ் விசா', 'பார்ட்னர் விசா' என்று விளம்பரம் செய்து விற்கப்படும் எல்லாமே இது கிடையாது. நிறைய இடங்களில் நடப்பது என்னவென்றால், ஒரு நிறுவனத்தின் ஒதுக்கீட்டில் உங்களை ஊழியராகக் காட்டி வேலை விசா அடிக்கிறார்கள். தொழில் என்ற இடத்தில் 'சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ்' என்று இருக்கும். ஸ்பான்சர் என்ற இடத்தில் நீங்கள் ஒருநாளும் பார்த்திராத ஒரு எல்.எல்.சி.யின் பெயர் இருக்கும். அந்தக் காலத்து ஃப்ரீ விசாவுக்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி இப்படித்தான் மாட்டினான். நல்ல கிராபிக் டிசைனர். அவனை ஊழியராகக் காட்டிய நிறுவனம் லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. அவன் விசாவும் புதுப்பிக்க முடியாமல் காலாவதியானது. கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம் ஓடியது. நிறுவனத்தின் போன் எடுக்க ஆளில்லை. விற்ற இடைத்தரகர் "அது எங்கள் பொறுப்பில்லை" என்றார். 2024 செப்டம்பரில் தொடங்கிய பொதுமன்னிப்பு டிசம்பர் கடைசி வரை நீண்டது. அதில்தான் அவன் அபராதம் இல்லாமல் வெளியே வந்தான். எல்லோருக்கும் பொதுமன்னிப்பு அந்த நேரம் பார்த்து வராது. காசு கொடுக்கும் முன் என்ட்ரி பெர்மிட்டின் மாதிரியைக் கேளுங்கள். ஸ்பான்சர் என்ற வரியில் ஃப்ரீ ஸோனின் பெயர் இருக்க வேண்டும். தெரியாத கம்பெனியின் பெயர் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

விசிட் விசாவில் வந்து லேப்டாப்பைத் திறந்து வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். 30 நாள், 60 நாள் என்று கிடைக்கும். ஊரைப் பார்த்து முடிவு செய்ய நல்ல வழி. ஆனால் அதில் எமிரேட்ஸ் ஐடி இல்லை. அது இல்லாமல் இங்கே ஒரு வாழ்க்கையை நிறுத்த முடியாது. உள்ளூர் நிறுவனம் ஒன்று "விசிட்டில் வந்து வேலையை ஆரம்பி, அப்புறம் விசா அடிக்கலாம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2024-இல் சட்டத்தைத் திருத்தி, பெர்மிட் இல்லாமல் ஆளை வைப்பவருக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று ஆக்கியிருக்கிறார்கள். முதலாளிக்கு அபராதம் என்றாலும் நாட்டை விட்டுப் போக நேர்வது வந்தவருக்குத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு கிரீன் விசா. 2022 அக்டோபர் 3 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருடம், ஸ்பான்சர் வேண்டாம், நம் பெயரில் நிற்கும். ஃப்ரீலான்ஸர்களுக்கு மனிதவளத் துறையின் சுயதொழில் பெர்மிட், ஒரு இளங்கலைப் பட்டம் அல்லது சிறப்பு டிப்ளமோ, முந்தைய இரண்டு வருடங்களில் சுயதொழிலிலிருந்து ஆண்டுக்கு 3,60,000 திர்ஹத்துக்குக் குறையாத வருமானம் என்று நிபந்தனை வைத்திருக்கிறார்கள். மாதத்துக்கு 30,000 திர்ஹம். எல்லோராலும் எட்ட முடிகிற எண் இல்லை. ஆனால் எட்டியவர்களுக்கு இது கொடுக்கும் நிம்மதி பெரிது. காலாவதியானாலும் ரத்தானாலும் நாட்டில் இருக்க ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. மகன்களை 25 வயது வரை, திருமணமாகாத மகள்களை வயது வரம்பில்லாமல் கூடவே வைத்துக்கொள்ளலாம். ஒரு வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடித்தால் தூக்கம் கெடும், ஆனால் நாடு கையை விட்டுப் போகாது. இதன் மதிப்பு, பிள்ளையை நடுக் கல்வியாண்டில் ஊருக்குத் திருப்பி அனுப்பிய குடும்பங்களுக்குத் தெரியும். எனக்கு அப்படி மூன்று நான்கு குடும்பங்களைத் தெரியும்.

கோல்டன் விசாவைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பத்து வருடம், 20 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்து, அல்லது இங்கேயே மாதம் 30,000 சம்பளத்தில் திறன்மிக்க வேலை என்று பல வழிகள். ரிமோட் வேலைக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது தூரத்தில் இருக்கிறது. ஃப்ரீ ஸோனில் கம்பெனி தொடங்குவதும் ஒரு வழிதான். வருமானம் நிலையாக இருந்து, ஆளை வைத்து வேலை வாங்கும் எண்ணமும் இருந்தால் யோசிக்கலாம். வெறும் விசாவுக்காகக் கம்பெனி திறப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒவ்வொரு வருடமும் லைசென்ஸ் கட்டணம் வந்து நிற்கும்.

இனி, யாரும் அதிகம் பேசாத ஒரு வழி. எண்ணிக்கையில் பார்த்தால் நம்மவர்களில் அதிகம் பேர் இருப்பது இதில்தான் என்பது என் அனுபவம். கணவரின் ஃபேமிலி விசாவில் இருந்துகொண்டு இந்தியாவிலோ ஐரோப்பாவிலோ உள்ள நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்கள். சென்னையில் ஐ.டி.யில் இருந்தவள், கல்யாணத்துக்குப் பின் ஷார்ஜாவுக்கு வருகிறாள். நிறுவனம் அவளை விட மனமில்லாமல் அங்கிருந்தே வேலை பார்க்கச் சொல்கிறது. கணவருக்கு மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை அழைத்து வரலாம். செலவு குறைவு, காகிதம் குறைவு, விசா இரண்டு வருடம்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதில் எந்தக் குறையும் இல்லை. குடும்பத்துக்குப் புதிதாக ஒரு நாட்டில் கால் ஊன்ற அது நல்ல வழி. ஆனால் பெண்களிடம் நான் நேராகவே சொல்வேன்: இதில் உங்கள் இருப்பு இன்னொருவருடைய வேலையின் மேல் நிற்கிறது. அவருக்கு வேலை போனால் உங்கள் விசாவும் ஆடும், உங்கள் வேலை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தாலும். கணவரை இழந்தவர்களுக்கும் விவாகரத்தானவர்களுக்கும் ஸ்பான்சர் இல்லாமல் ஒரு வருடம் தங்க 2018-இல் வழி செய்தார்கள். அது பெரிய உதவி. ஆனாலும் ஒரு வருடத்தில் வாழ்க்கையைத் திருப்பி அடுக்குவது கடினம். உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கும் வேலை செய்ய வேண்டுமென்றால் கணவர் விசாவில் இருந்தபடியே ஃப்ரீலான்ஸ் பெர்மிட் மட்டும் எடுக்கலாம். விசாச் செலவு மிச்சம். அதுவே முதல் படியாக இருக்கட்டும். தொழில் உங்கள் பெயரில் பதிவாகிவிட்டால், விசாவை உங்கள் பெயருக்கு மாற்றுவது பிறகு ஒரு அலுவலக வேலைதான்.

காகிதங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இதில் தனிச் சிக்கல்கள் உண்டு.

முதலாவது பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. பாஸ்போர்ட்டில் பெயருக்கான இரண்டு இடங்களில் ஒன்று காலியாகவே இருக்கும். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் கொண்டவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது சென்னை, திருச்சி விமான நிலையங்களில் நம்மவர்கள்தான் அதிகம் கலங்கினார்கள். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு விளக்கம் வந்தது. ரெசிடென்ஸ் விசா உள்ளவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் உங்களைப் பார்க்க வரும் அம்மாவுக்கும் மாமியாருக்கும் அது பொருந்தும். எப்படியும் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிடுங்கள். பட்டச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்று இருந்தால் அதையும் ஊரில் இருக்கும்போதே சரிசெய்யுங்கள்.

இரண்டாவது அட்டஸ்டேஷன். குடும்பத்தை அழைத்து வரத் திருமணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். அவை மாநில அரசின் முத்திரை, டெல்லியின் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியில் இங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாகப் போய் வர வேண்டும். தமிழ்நாட்டில் 2009 சட்டத்துக்குப் பின் திருமணப் பதிவு கட்டாயம். ஆனாலும் மண்டப ரசீதையும் கோயில் ரசீதையும் வைத்துக்கொண்டு பதிவே செய்யாத ஜோடிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது மாதக்கணக்கில் இழுக்கும். டிக்கெட் போடுவதற்கு முன்னால் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

இங்கே வந்த பின் நடப்பவை வேகமானவை. என்ட்ரி பெர்மிட், ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, கைரேகை, எமிரேட்ஸ் ஐடி. 2022 ஏப்ரலிலிருந்து பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதையே நிறுத்திவிட்டார்கள், கார்டுதான் விசா. 'விசா அடித்தாச்சா?' என்று நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வீடு பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாடகை வருடக் கணக்கில் பேசி, செக்குகளாகக் கொடுக்கப்படும். ஒரு செக் என்றால் குறைவு, நான்கு, ஆறு என்று கூடினால் வாடகையும் கொஞ்சம் கூடும். செக் புத்தகம் வேண்டுமென்றால் பேங்க் கணக்கு வேண்டும். கணக்குக்கு எமிரேட்ஸ் ஐடியும் வருமானச் சான்றும் வேண்டும். மாதச் சம்பளம் உள்ளூரில் வராதவர்களிடம் பேங்க்குகள் அதிகம் விசாரிக்கின்றன. குறைந்தபட்ச இருப்பும் அதிகமாகக் கேட்கின்றன. ஆகவே முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு மாத வாடகை இடம் ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டு, கணக்கு திறந்தபின் வருட ஒப்பந்தத்துக்குப் போவதுதான் நல்லது. ஒப்பந்தத்தைத் துபாயில் எஜாரி, அபுதாபியில் தவ்தீக் என்ற அரசு வாடகைப் பதிவில் பதிவு செய்ய வேண்டும். குடும்ப விசாவுக்கும் அந்தப் பதிவுதான் முகவரிச் சான்று. ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுக்கும் பெட் ஸ்பேஸில் இருந்துகொண்டு குடும்பத்தை வரவழைக்க முடியாது.

ரிமோட் வேலைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம்: வாட்ஸ்அப் கால் இங்கே வேலை செய்யாது. ஃபேஸ்டைமும் அப்படித்தான். ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் ஓடும், அலுவலகக் கூட்டங்களுக்குத் தடையில்லை. உங்கள் வாடிக்கையாளர் எல்லாவற்றையும் வாட்ஸ்அப் காலில் பேசுபவர் என்றால் வருவதற்கு முன்பே பழக்கத்தை மாற்றச் சொல்லிவிடுங்கள். அலுவலக வி.பி.என். பயன்படுத்துவதில் பிரச்சினை இல்லை. ஆனால் குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ வி.பி.என். பயன்படுத்தினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. நேரம் நமக்குச் சாதகம். இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், ஐரோப்பாவுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால். இரண்டு பக்கமும் பகலிலேயே பேசி முடித்துவிடலாம்.

வரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "துபாய் போனால் வரி இல்லை" என்ற ஒற்றை வரியை நம்பிக் கிளம்புபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அமீரகத்தில் தனிநபர் சம்பளத்துக்கு வரி இல்லை, உண்மைதான். ஆனால் ஃப்ரீலான்ஸர் செய்வது தொழில். 2023 ஜூனில் கார்ப்பரேட் வரி வந்துவிட்டது. ஒரு தனிநபரின் தொழில் வரவு ஒரு காலண்டர் ஆண்டில் 10 லட்சம் திர்ஹத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதம். வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு அதற்கும் முன்னாலேயே வரும். ஆண்டு வரவு 3,75,000-ஐத் தாண்டினால் கட்டாயம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பூஜ்ய விகிதம் என்றாலும் அந்த வரவும் வரம்புக் கணக்கில் சேரும்.

இந்தியப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். விசா வேறு, வரிக் குடியிருப்பு வேறு. எமிரேட்ஸ் ஐடி பையில் இருந்தாலும், ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் உங்கள் உலக வருமானம் இந்திய வரிக்கு உட்படும். ஊரில் வாடகை, வட்டி என்று இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டுபவர்களுக்கு, முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள் இந்தியாவில் இருந்திருந்தால், இந்திய வரிக் குடியிருப்பாளர் ஆகும் வரம்பு 120 நாளாகக் குறைகிறது; ஆனால் 182 நாளை எட்டாதவரை அவர்களுடைய வெளிநாட்டு வருமானம் பொதுவாக இந்திய வரிக்கு வராது. பாட்டி வீட்டில் கோடை விடுமுறை, பொங்கல், தங்கை கல்யாணம் என்று போய்ப் போய் வருபவர்கள் நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்திய நிறுவனம் சம்பளத்தை நேராக இந்தியக் கணக்கில் போடுவதும் சிக்கலை உண்டாக்கும். இந்தியாவில் பெற்ற வருமானம் என்ற பேச்சு அங்கே எழும். முதலில் இங்குள்ள கணக்குக்கு வரவழைத்து, பிறகு என்.ஆர்.ஈ. கணக்குக்கு (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டு வைக்கும் இந்தியக் கணக்கு) அனுப்புங்கள். ஊரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் இருப்பவர்களின் இந்திய வரவுக்கான என்.ஆர்.ஓ.வாக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதி. ஒரே வருமானத்துக்கு இரண்டு இடத்திலும் வரி கட்டாமலிருக்க இந்தியாவும் அமீரகமும் போட்ட ஒப்பந்தத்தின் பலன் வேண்டுமென்றால் அமீரகத்தின் வரிக் குடியிருப்புச் சான்றிதழ் தேவை. 2023 மார்ச் 1 முதல், 183 நாள் இங்கே இருந்தவர்களும், ரெசிடென்ஸ் விசாவோடு நிரந்தர வீடோ தொழிலோ வைத்து 90 நாள் இருந்தவர்களும் அமீரகத்தின் உள்நாட்டு விதிப்படி அதைக் கேட்கலாம்; இந்திய ஒப்பந்தத்துக்கு மட்டும் 183 நாள் வேண்டும். வெளிநாட்டு வருமானம் பார்க்கும் ஆடிட்டர் ஒருவருக்குக் கொடுக்கும் கட்டணம், இந்த எல்லாச் செலவிலும் மிகப் பயனுள்ள செலவு.

ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்க நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் சாதாரண ரெசிடென்ஸ் விசா செல்லாமல் போய்விடும். கோல்டன் விசாவுக்கு விலக்கு உண்டு. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, பிரசவம் என்று போனவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கலாம்.

கடைசியாகக் கேன்சலைப் பற்றி. யார் பெயரில் குடும்பம் நிற்கிறதோ அவருடைய விசாவைக் கேன்சல் செய்வதற்கு முன், அவரை அண்டி நிற்பவர்களின் விசாக்களைக் கேன்சல் செய்ய வேண்டும், அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்ற ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது நானும் கணவரும் அவரவர் பெயரில் இருக்கிறோம். மகன் மட்டும் கணவர் பெயரில். கணவர் வேலை பார்க்கும் கட்டுமானத் துறையில் ஒரு திட்டம் முடிந்தால் அடுத்தது எப்போது என்று தெரியாது. என் வருமானம் கிரீன் விசாவின் 3,60,000-ஐ முதல் முறையாக இந்த வருடம் தொட்டிருக்கிறது. அடுத்த வருடமும் தொட்டால் விண்ணப்பிப்பேன். அது கிடைத்ததும் கணவரின் சம்மதக் கடிதத்தோடு மகனை என் பெயருக்கு மாற்றுவது என்று பேசி முடிவு செய்துவிட்டோம். அவனுக்கு அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு.